மௌண்ட் வெர்னன் பண்ணையும் மாளிகையும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனுக்குத் தெற்கே சுமார் 15 மைல் தொலைவில், வர்ஜீனியா ராஜ்யத்தில், பொட்டோமாக் நதியின் கரைமேட்டில் மௌண்ட் வெர்னன் என்னும் பழம்பெரும் பண்ணையொன்று இருக்கின்றது. அந்நாட்டின் முதல் ஜனாதிபதியாகிய ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்ததும், பயிரிட்டதும், 1799ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 14ஆம் நாள் உயிர் நீத்ததும் அவ்விடத்திலேயாம். பள்ளிச் சிறாரும், சங்கத்தாரும், குடும்பத்தினரும் குழுக் குழுவாக அங்குச் சென்று ஒரு பகற்பொழுதைக் கழித்துத் திரும்புகின்றனர். இவர்களிற் பெரும்பாலோர் மாளிகையைக் காணும் பொருட்டே செல்கின்றனர். மாளிகையும் காணத்தக்கதே. ஆயினும் நிலமுடைய ஒருவர் அங்குச் செல்வாராயின், அவர் நெடுநேரம் நின்று நோக்க வேண்டியவை எருக்கொட்டகையும், கதிரடிக்கும் களஞ்சியமும், பண்ணைக் கணக்குமேயாகும். சத்திழந்த நிலத்தை மீண்டும் வளமாக்க ஒரு பெருநிலக்காரர் எடுத்துக்கொண்ட முயற்சியும், அம்முயற்சி எவ்விடத்தில் தடைப்பட்டது என்பதும் இவற்றால் விளங்கும்.

பருவமும் வழியும்

செப்டம்பர் மாதக் கடைசி முதல் நவம்பர் நடுவரையிலுள்ள இலையுதிர் காலம் இவ்விடத்தைக் காண்பதற்கு மிகவும் ஏற்றது. கோடையின் புழுக்கம் தணிந்திருக்கும். பனிக்காலத்துக் கடுங்குளிர் தொடங்கியிராது. நகரினின்று ஆற்றோரமாகச் செல்லும் அழகிய சாலையொன்று 1932ஆம் ஆண்டில் மௌண்ட் வெர்னன் வரையில் திறந்துவிடப்பட்டது. குழுவினர் பெரும்பாலும் இச்சாலை வழியே மோட்டார் வண்டியிற் செல்வர்; ஆற்றில் படகேறிச் செல்வோரும் உண்டு. மாளிகையின் மேற்கிலுள்ள புல்வெளியின் இருமருங்கிலும் வாஷிங்டன் 1785இல் மரங்கள் நடுவித்தார். அவற்றுள் டுலிப் பாப்லர் என்னும் நெடுமரங்கள் சில இன்றும் நிற்கின்றன. அக்டோபரில் அவற்றின் இலைகள் பொன்னிறமாகப் பழுத்து உதிர்வது கண்ணுக்கு இனிய காட்சி.

விவசாயிக்கு இப்பருவம் உகந்ததாவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்நாட்டில் மக்காச்சோளத்தின் அறுவடையும், குளிர்காலக் கோதுமையின் விதைப்பும் இக்காலத்திலேயே நிகழ்கின்றன. ஒரு போகத்தின் முடிவையும் மறு போகத்தின் தொடக்கத்தையும் ஒருங்கே கேட்டறிய இதுவே சமயம். காலையில் மாளிகையையும் தோட்டங்களையும், நண்பகலில் லாயத்தையும் எருக்கொட்டகையையும், பிற்பகலில் ஆற்றங்கரையிலுள்ள மாதிரிப் பண்ணையையும், மாலையில் சுமார் 3 மைலுக்கப்பாலுள்ள மாவாலையையும் காண்பது வசதியான ஒழுங்காகும்.

மாளிகை

வாஷிங்டனின் தந்தையார் 1734ஆம் ஆண்டளவில் இங்குச் சிறிய வீடொன்று கட்டினார். தமையனார் லாரன்ஸ், தாம் எவருடைய கீழ்ப் போர்ப்பணி புரிந்தாரோ அந்த ஆங்கிலக் கடற்படைத் தலைவர் வெர்னனுடைய பெயரை இவ்விடத்திற்கு இட்டார். ஜார்ஜ் வாஷிங்டன் 1754இல் இதனைக் குத்தகையாகப் பெற்று, 1761இல் முழு உரிமையும் அடைந்தார். அவர் வீட்டை இருமுறை விரிவாக்கினார். ஆற்றை நோக்கிய நெடுந்தாழ்வாரமும் அவர் காலத்ததே.

வெளிச்சுவர்கள் கருங்கல்லாலானவை போலத் தோன்றும். அருகிற் சென்று தொட்டுப் பார்த்தால், அவை பைன் மரப் பலகைகள் என்பது தெரியும். கற்களின் இணைப்புப் போலப் பலகைகளைச் செதுக்கி, ஈர வர்ணத்தின்மேல் மணலைத் தூவிக் கல்லின் தோற்றத்தை உண்டாக்கியுள்ளனர். உள்ளே நடுக் கூடத்தில், பாரிஸ் நகரத்துப் பாஸ்டில் சிறைக்கோட்டையின் திறவுகோல் தொங்குகின்றது. அதனை லபாயெத் பிரபு 1790இல் வாஷிங்டனுக்குக் காணிக்கையாக அனுப்பினார். விருந்தினரை உபசரித்த பெரிய மண்டபத்தின் மேற்கூரையில் அரிவாள் முதலிய உழவுத்தொழிற் கருவிகள் சுண்ணவேலையாக அமைக்கப்பட்டிருக்கின்றன. குளிர்காயும் அடுப்பின் சலவைக்கல் முகப்பிலும் பண்ணைக் காட்சிகளே செதுக்கப்பட்டுள்ளன. படைத்தலைவராய்ப் புகழ் பெற்ற ஒருவர் தம் விருந்து மண்டபத்திற்கு இவற்றையே அணியாகக் கொண்டமை கருதத்தக்கது.

புகையிலையால் வந்த கேடு

வாஷிங்டன் பண்ணையை ஏற்றபோது, அவ்வட்டாரத்தின் பணப்பயிர் புகையிலை. புகையிலை நிலத்தின் சத்தை மிகுதியாக உறிஞ்சுவது. சில ஆண்டுகள் அதனையே பயிரிட்டு, விளைவு குன்றியதும் அவ்வயலைக் கைவிட்டுப் புதுக்காட்டை அழித்துப் பயிரிடுவது அந்நாட்டார் வழக்கம். எருவிடுவதைவிடக் காடழிப்பது எளிது என்று அவர்கள் எண்ணினர். சரக்கு லண்டன் வியாபாரிகளுக்கு அனுப்பப்பட்டது. அங்கு நல்ல விலை கிடைக்கவில்லை. அவர்களிடமே சாமான்கள் தருவித்த வகையில் கடன் ஏறிற்று. நிலமும் மெலிந்தது, நிலக்காரரும் கடனாளியானார்.

இவ்விரு கேடுகளையும் கணக்கினின்று கண்டுகொண்ட வாஷிங்டன், 1766ஆம் ஆண்டுக்குள் புகையிலையைப் பணப்பயிராக வைப்பதை விட்டுக் கோதுமையைத் தலைமைப் பயிராகக் கொண்டார். கோதுமையை அரைத்து மாவாக்கி உள்ளூரிலும் வெளியூர்களிலும் விற்கலாம். ஆகவே கடல் கடந்த ஒரே சந்தையை நம்பியிருக்க வேண்டியதில்லை. தம் வாழ்நாளில் அவர் சோதித்துப் பார்த்த பயிர்வகைகள் சுமார் 60 என்பர். 1799ஆம் ஆண்டளவில் பண்ணை சுமார் 8,000 ஏக்கர் பரப்புடையதாய், ஐந்து பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தது.

பத்து அறைகள் கொண்ட பெட்டி

அவர் பரிசோதனை செய்த முறை இன்றும் போற்றத்தக்கது. 1760ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14ஆம் நாள் அவர் எழுதிய நாட்குறிப்பில், பத்து அறைகள் கொண்ட பெட்டியொன்றில் எருக்கலவைகள் தயாரித்த செய்தி காணப்படுகின்றது. முதல் அறையில் ஒன்றும் கலவாத வயல்மண். மற்ற அறைகளில் அதே மண்ணுடன் மார்ல் என்னும் சுண்ணாம்புச் சத்துள்ள மண், ஆற்று மணல், குதிரைச் சாணம், ஓடைச் சேறு, மாட்டுச் சாணம், ஆட்டுப் புழுக்கை முதலியவை ஒவ்வொன்றாகக் கலக்கப்பட்டன. ஒவ்வோர் அறையிலும் கோதுமை மூன்று, ஓட்ஸ் மூன்று, வாற்கோதுமை மூன்று என விதைகளை ஒரே இடைவெளியிலும் ஒரே ஆழத்திலும் ஊன்றி, ஒரே அளவாக நீர் வார்த்தார்.

இதிலுள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எரு நீங்கலாக மற்றவை யாவும் சமமாக இருந்தமையால், பயிரின் வேறுபாடு எருவினால் வந்ததென்று துணிந்து கூறலாம். எருவிடாத முதல் அறை மற்றவற்றை ஒப்பிட்டு நோக்குவதற்கு அளவுகோலாயிற்று. எந்த எருவாயினும் வயலின் ஒரு பகுதியை எருவிடாது விட்டு ஒத்துப் பார்த்தாலன்றி அதன் பயனை அறிய முடியாது. பத்து அறைப் பெட்டிக்குச் செலவு அதிகமில்லை, பொறுமையே வேண்டும்.

எருக்கொட்டகை

லாயத்திற்கு அருகில், 31 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள திறந்த கொட்டகையொன்று நிற்கின்றது. பக்கங்களிற் காற்றோட்டம் உண்டு. மேலே கூரை உண்டு. தரையில் உருண்டைக் கற்கள் பாவப்பட்டுள்ளன. வாஷிங்டன் 1787இல் கட்டுவித்த எருக்கொட்டகை இதுவே; இப்போதிருப்பது பழைய அடித்தளத்தை அகழ்ந்து கண்டு 2001இல் மீண்டும் அமைத்தது. எருவை மக்கச் செய்வதற்கென்றே அந்நாட்டில் எழுந்த கட்டடங்களுள் அறியப்பட்டவற்றில் இதுவே முதலாவதென்பர்.

பார்வைக்கு இதிற் சிறப்பொன்றுமில்லை. வருவோர் பலர் நில்லாமலே கடந்து செல்வர். ஆனால் கூரை மழையைத் தடுத்து எருவின் சாரம் கரைந்தோடாமற் காக்கின்றது. கல் பாவிய தரை, சாறு மண்ணிற் சுவறிப் போகாமல் தாங்குகின்றது. திறந்த வெளியில் குவித்து, வெயிலில் உலர்ந்தும் மழையில் கரைந்தும் போன எரு, அளவில் எருவாயினும் சத்தில் எருவாகாது. லாயத்துச் சாணமும் வைக்கோலும் இங்குச் சேர்க்கப்பட்டன. இலையுதிர் காலத்தில் காட்டுச் சருகை வாரித் தொழுவங்களிற் பரப்பும்படியும் வாஷிங்டன் உத்தரவிட்டார். அது கால்நடைக்குப் படுக்கையாகிப் பின்னர் எருவாயிற்று. தமக்கு ஒரு காரியஸ்தரைத் தேடிய காலத்தில், தொட்டதனைத்தையும் எருவாக்க வல்லவரே வேண்டும், பொன்னாக்குவதற்கு அதுவே முதற்படி, என்னும் கருத்துப்பட 1785இல் ஒரு நண்பருக்கு எழுதினார்.

ஏழாண்டுப் பயிர்முறை

எரு மட்டும் போதாதென்பதை உணர்ந்து, அவர் ஏழாண்டுச் சுழற்சி முறையொன்றை வகுத்தார். 1786 முதல் ஆங்கில நாட்டு விவசாய அறிஞர் ஆர்தர் யங் என்பவருடன் கடிதப் போக்குவரத்துச் செய்து, அந்நாட்டு முறைகளைத் தம் நிலத்திற்குப் பொருந்துமாறு மாற்றிக்கொண்டார். பண்ணைப் பிரிவு ஏழு வயல்களாகப் பகுக்கப்படும். ஒன்றில் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும், சிலவற்றிற் கோதுமை, ஒன்றில் பக்வீட் என்னும் பயிரை விதைத்துப் பச்சையாகவே மடக்கி உழுதல், எஞ்சியவற்றில் குளோவர் முதலிய தீவனப் பயிர்கள். குளோவர் பயறு இனத்தைச் சேர்ந்தது. காற்றிலுள்ள நைட்ரஜன் சத்தை வேர்முடிச்சுக்களின் வாயிலாக நிலத்திற்குத் தருவது. இந்த உண்மை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிரூபிக்கப்பட்டது. எனினும் குளோவருக்குப் பின் வரும் தானியம் செழிக்கும் என்பதை வாஷிங்டன் காலத்து உழவரும் கண்டிருந்தனர்.

மழைநீர் அரித்த ஓடைகளைச் செத்தையும் கல்லும் மண்ணும் இட்டுத் தூர்ப்பித்தார். மரவேலிக்காகக் காடு அழிவதைக் கண்டு உயிர்வேலி வளர்க்க முயன்றார். உழவிற்குக் கோவேறு கழுதைகளே சிறந்தவை எனக் கருதினார். அவற்றை உற்பத்தி செய்ய ஸ்பெயின் தேசத்து அரசர் 1785இல் அனுப்பிய ஆண்கழுதை பெரிதும் பயன்பட்டது.

பதினாறு பக்கக் களஞ்சியம்

ஆற்றங்கரையில் 4 ஏக்கர் பரப்பில் அமைந்த மாதிரிப் பண்ணையில், எல்லோரையும் நிறுத்தி வைப்பது பதினாறு பக்கங்கள் கொண்ட களஞ்சியம். வாஷிங்டன் இதன் படத்தை 1792இல் வரைந்தார். டோக் ரன் என்னும் பிரிவில் 1795இல் கட்டிமுடிந்தது. அடித்தளத்திற்கு 30,820 செங்கற்கள் வேண்டுமென்று அவரே கணக்கிட்டார். பழைய கட்டடம் அழிந்து போயிற்று. 1996இல் அதே அளவில் இக்களஞ்சியம் மாதிரிப் பண்ணையில் மீண்டும் எழுப்பப்பட்டது.

கோதுமைக் கதிரை வெட்டவெளியில் மண் தரையிற் பரப்பிக் குதிரைகளை ஓட்டி மிதிப்பிப்பது அவ்வூர் வழக்கம். இதனால் தானியத்தில் மண்ணும் சாணமும் கலந்தன, மழை வந்தாற் பாழாயிற்று, களவும் போயிற்று. புதிய களஞ்சியத்தில் குதிரைகள் சரிவுப் பாதை வழியாக மேல்தளத்திற்கு ஏறி, வட்டமாக ஓடி மிதிக்கும். தளத்துப் பலகைகளுக்கிடையே ஒன்றரை அங்குல இடைவெளி விடப்பட்டிருக்கின்றது. தானியம் அவ்விடுக்குகளின் வழியே கீழ்த்தளத்தில் விழும். வைக்கோல் மேலே தங்கும். கீழே தூற்றிச் சுத்தம் செய்து, பூட்டி வைக்கலாம். இலையுதிர் காலத்தில் குறிப்பிட்ட சில நாட்களில் குதிரைகளைக் கொண்டு இதனை நடத்திக் காட்டுவதுண்டு.

இக்கட்டடத்தின் பின் ஒரு வரலாறு உண்டு. இதற்கு முன்பே வாஷிங்டன் வேறொரு பிரிவில் விசாலமான களஞ்சியம் கட்டி, உள்ளேயே தடியால் கதிரடிக்கும்படி உத்தரவிட்டிருந்தார். 1793 செப்டம்பர் மாதம் அவர் ஊர் திரும்பியபோது, களஞ்சிய வாசலுக்கு 30 அடி தூரத்திற்குள்ளேயே வெட்டவெளிக் களம் அமைத்து, உள்ளே அடுக்கியிருந்த கதிரை வெளியே கொண்டுவந்து குதிரைகளால் மிதிப்பித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். கட்டடம் நல்லதாயினும், அதனைப் பயன்படுத்துவோர் மனம் ஒப்பவில்லை. குதிரை மிதிப்பை அவர்கள் விடமாட்டார்களென்றால், அந்த மிதிப்பையே கூரைக்குள் கொண்டுவருவதுதான் புதிய களஞ்சியத்தின் தந்திரம். வழக்கத்தை எதிர்த்து நிற்காமல், அதன் குற்றத்தை மட்டும் நீக்கியது இது.

கணக்கும் காரியஸ்தரும்

சுமார் 3 மைலுக்கப்பாலுள்ள மாவாலை 1771இல் நிறுவப்பட்டது. தானியத்தைத் தூக்குவது முதல் மாவைச் சலிப்பது வரை நீர்ச்சக்கரத்தாலேயே நடைபெறும் ஆலிவர் எவன்ஸ் என்பவரின் அமைப்பு 1791இல் அங்குச் சேர்க்கப்பட்டது. அருகில் 1797இல் தொடங்கிய சாராய வடிசாலை, 1799இல் ஏறக்குறைய 11,000 காலன் உற்பத்தி செய்தது. வடித்து எஞ்சிய கசடு பன்றிகளுக்கும் மாடுகளுக்கும் தீனியாயிற்று.

1789 முதல் 1797 வரை ஜனாதிபதியாக நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் இருந்த காலத்தில், பண்ணையின் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் வாரந்தோறும் கணக்கு அனுப்பப்பட வேண்டுமென்று வாஷிங்டன் விதித்தார். எத்தனை பேர் எவ்வேலையில் எத்தனை நாள், எத்தனை புஷல் தானியம், கால்நடையின் பிறப்பும் இறப்பும் எவ்வளவு என்பன அதில் வரும். அவரும் வாரந்தோறும் நீண்ட பதில் எழுதினார். எனினும் நிலக்காரர் வெளியூரிலிருக்க, கங்காணிகள் நடத்தும் பண்ணை, கடிதத்தினால் மட்டும் திருந்தவில்லை. பயிர்ச்சுழற்சி பலமுறை குலைந்ததும், எரு வைத்த இடத்திலேயே கிடந்ததும் அக்கடிதங்களிலேயே காணப்படும் முறையீடுகளாம்.

உழைத்தவர் யார்?

மேற்கூறிய அனைத்தையும் தம் கைகளாற் செய்தவர்கள் அடிமைகள். இதனை மறைத்துக் கூறும் வரலாறு பொய்க் கணக்கை ஒக்கும். 1799இல் பண்ணையிலிருந்த அடிமைகள் 317 பேர். இவர்களுள் 123 பேர் வாஷிங்டனுக்குச் சொந்தம். 153 பேர் அவருடைய மனைவியாரின் முதற் கணவர் குடும்பச் சொத்தைச் சேர்ந்தவர். மற்றவர் வாடகைக்குப் பெறப்பட்டவர். கதிரவன் தோன்றுவது முதல் மறைவது வரை, வாரத்தில் ஆறு நாள் அவர்கள் உழைத்தனர். வயல்வேலை செய்தோரிற் பெரும்பாலோர் பெண்கள். செங்கல் அறுத்ததும், களஞ்சியத்திற்கு மரம் இழைத்ததும், எரு சுமந்ததும் இவர்களே. மாளிகையில் பணிபுரிந்த ஓனா ஜட்ஜ் என்னும் இளம்பெண் 1796இல் பிலடெல்பியாவினின்று தப்பியோடி, பின்னர்த் தன் ஆயுள் முழுவதும் சுதந்தரமாகவே வாழ்ந்தாள்.

தன் உழைப்பின் பயனில் தனக்குப் பங்கில்லாதவன், எருவைக் காப்பதிலும் தானியத்தைச் சிந்தாமற் சேர்ப்பதிலும் சிரத்தை கொள்ள வேண்டிய காரணம் ஒன்றுமில்லை. வாஷிங்டன் இதனைக் காலந்தாழ்த்தே உணர்ந்தார். 1793இல் தம் பண்ணைகளில் நான்கை ஆங்கிலக் குடியானவர்களுக்குக் குத்தகைக்கு விட எண்ணி ஆர்தர் யங்குக்கு எழுதினார். தம் அடிமைகளை விடுவிக்கவும் அது வழியாகும் எனக் கருதினார். தக்க குத்தகைக்காரர் கிடைக்கவில்லை. 1799 ஜூலையில் எழுதிய மரண சாசனத்தில், தமக்குச் சொந்தமான அடிமைகளிற் பெரும்பாலோர் தம் மனைவியாரின் காலத்திற்குப்பின் விடுதலை பெற வேண்டுமென்று எழுதிவைத்தார். அவ்வம்மையார் அவர்களை 1801 ஜனவரி முதல் நாளிலேயே விடுவித்தார். மற்ற 153 பேரை விடுவிக்கச் சட்டப்படி இருவருக்கும் உரிமையில்லை. 1802இல் அம்மையார் இறந்தபின் அவர்கள் வாரிசுகளுக்குப் பங்கிடப்பட்டனர். பல குடும்பங்கள் பிரிந்தன. அடிமைகள் புதைக்கப்பட்ட இடத்தில் 1983இல் நிறுவிய நினைவுச்சின்னத்தையும் குழுவினர் அவசியம் காண வேண்டும்.

பின் நேர்ந்தவை

நிலம் வாரிசுகளிடையே பிரிந்து, மீண்டும் மெலிந்தது. மாளிகையும் பாழடையலாயிற்று. ஆன் பமீலா கன்னிங்ஹம் என்னும் பெண்மணி 1853இல் தொடங்கிய மாதர் சங்கம், நாடெங்கும் பொருள் திரட்டி, 1858இல் மாளிகையையும் 200 ஏக்கர் நிலத்தையும் 2,00,000 டாலருக்கு விலைபேசி வாங்கியது. அச்சங்கமே இன்றும் அதனைப் பரிபாலித்து வருகின்றது.

டோக் ரன் பிரிவு நிலங்களின் பின்வரலாறு இதனினும் படிப்பினையுள்ளது. பதினாறு பக்கக் களஞ்சியம் நின்ற அந்நிலமும் உள்ளிட்ட சுமார் 2,000 ஏக்கர், ‘உட்லான்’ என்னும் பெயருடன் உறவினர் வசம் சென்றது. 1846இல் குவேக்கர் சமயத்தார் அதனை வாங்கினர். அடிமைகளை வைத்துக்கொள்வது பாவமென்பது அவர்கள் கொள்கை. அடிமை முறை வழங்கிய நாட்டின் நடுவே, கூலி பெறும் சுதந்தர உழைப்பாலும் பண்ணை நடத்தலாம் என்று காட்டுவதே அவர்கள் கருத்து. பெருநிலத்தைச் சிறு பண்ணைகளாகப் பிரித்து, வெள்ளையருக்கும் விடுதலை பெற்ற கறுப்பருக்கும் விற்றனர். பயிரிடுவோரே நிலத்திற்கு உரியவராயினர். மாவாலைக்கு அண்மையிலேயே இருக்கும் உட்லான் மாளிகையையும் அன்றைய மாலையிற் கண்டு திரும்பலாம்.

நிலக்காரரும் கிராம உத்தியோகஸ்தரும் கவனிக்க வேண்டியவை

எந்தப் பண்ணையைக் காண்பதற்கும் குழுவாகச் செல்வோர் சில விதிகளைக் கைக்கொள்வது நலம். புறப்படுமுன் இன்ன விஷயத்தை அறிந்து வர வேண்டுமென்று ஒவ்வொருவரும் ஒரு கேள்வியேனும் குறித்துக்கொள்ளட்டும். பண்ணையை அடைந்ததும் வீட்டு முகப்பைவிட எருக்குழியை முதலிற் பார்க்கட்டும். பண்ணையின் உண்மை நிலை அங்கே தெரியும். எருவிடாத பாத்தி எங்கே என்று கேட்கட்டும். வேலை செய்வோருடன் பேசட்டும். அவர்களுக்குக் கிடைப்பது என்ன என்றும் விசாரிக்கட்டும். திரும்பியபின் கண்டவற்றுள் ஒன்றையேனும் ஒரு சிறு பாத்தியிற் செய்து பார்த்து, அளவை எழுதி வைக்கட்டும்.

கூரையுள்ள எருக்குழி, மாற்றிப் பயிரிடும் ஒழுங்கு, சுத்தமான களம், தவறாத கணக்கு ஆகிய இந்நான்கும் மௌண்ட் வெர்னனில் இருந்தன. விளைவில் மனமொப்பிய பங்காளி மட்டும் இல்லை. அவன் இல்லாத பண்ணையில் மற்ற நான்கும் பாதிப்பயனே தந்தன.